இரண்டு கேபிளிலும் ஐந்து வோல்ட்

"ரெண்டு கேபிள்லயும் அஞ்சு வோல்ட் வருதே, அப்புறம் எப்படி ஒண்ணுல வேகமாவும் இன்னொண்ணுல மெதுவாவும் ஏறும்?" நண்பர் ஒருவர் கையில் மல்டிமீட்டரோடு கேட்ட கேள்வி இது. சும்மா கேட்கவில்லை, அளந்துவிட்டுத்தான் கேட்டார். ஒரே சார்ஜர், ஒரே போன், கேபிள்களின் நீளமும் ஒன்றுதான். ஒன்றின் முனையில் 5.1 வோல்ட், மற்றதின் முனையிலும் அதே 5.1. போனைச் செருகினால் மட்டும் ஒன்றில் மளமளவென்று ஏறுகிறது, இன்னொன்றில் மணிக்கணக்காகக் கிடந்தாலும் பாதியைத் தாண்டுவேனா என்கிறது. கேபிள்மேல் தப்பில்லை, ஏதோ அப்டேட் போட்டு போனைக் கெடுத்துவிட்டார்கள் என்பது அவர் கட்சி. எனக்கு அந்தக் கேள்வி மனதில் ஒட்டிக்கொண்டது. காரணம், அவர் அளந்தது சரி. மீட்டரில் பிழை இல்லை, அளந்த இடத்திலும் பிழை இல்லை. அப்படியிருந்தும் வந்து சேர்ந்த முடிவு தவறு. சரியான அளவு ஒருவரை இவ்வளவு சுலபமாகத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய்விடும் என்றால், வோல்டேஜ் என்ற எண்ணை நாம் எல்லோருமே எப்படிப் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

மின்தடையின் குணமே இதுதான்: கரண்ட் ஓடாதவரை அது தன்னைக் காட்டிக்கொள்ளாது. கம்பியில் விழும் வோல்டேஜ் என்பது கரண்டையும் தடையையும் பெருக்கி வருவது. கரண்ட் பூஜ்யம் என்றால் பெருக்கல் முடிவும் பூஜ்யம்தான், தடை எவ்வளவாக இருந்தாலும் சரி. மல்டிமீட்டர் வோல்டேஜ் அளக்கும்போது கிட்டத்தட்ட கரண்டே எடுப்பதில்லை, அதன் உள்ளே பத்து மெகா ஓம் அளவில் தடை இருக்கும். எனவே வெறும் முனையை அளந்தால் முடி போல மெல்லிய கம்பியும் விரல் பருமன் கம்பியும் ஒரே எண்ணைத்தான் காட்டும். சுமை, அதாவது கரண்ட் இழுக்கும் கருவி, இல்லாதபோது எல்லாக் கேபிளும் நல்ல கேபிள்தான்.

அடுத்து செய்தது எளிய காரியம், ஆனால் எனக்கு விஷயம் புரிந்த இடம் அதுதான். கேபிளுக்கும் போனுக்கும் நடுவில் செருகிக்கொள்கிற சின்ன யூஎஸ்பி மீட்டர் ஒன்றைப் போட்டு, போன் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போதே பார்த்தோம். நல்ல கேபிளில் 4.8 வோல்ட்டுக்குச் சற்று மேலே, கரண்ட் இரண்டு ஆம்பியரை ஒட்டி. மோசமான கேபிளில் போனைச் செருகிய நொடியில் 5.1 என்று இருந்த எண் படிப்படியாக இறங்கி 4.5 பக்கத்தில் வந்து நின்றது, கரண்ட் ஒரு ஆம்பியரைக்கூட எட்டவில்லை. அந்த 'படிப்படியாக' என்பதைக் கவனிக்க வேண்டும். போனுக்குள் இருக்கும் சார்ஜிங் சிப் எடுத்த எடுப்பில் இரண்டு ஆம்பியரை இழுப்பதில்லை. கொஞ்சம் இழுத்துப் பார்க்கிறது, தன் வாசலுக்கு வரும் வோல்டேஜ் எவ்வளவு சரிகிறது என்று கவனிக்கிறது, இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. ஒரு வரம்புக்குக் கீழே போகப்போகிறது என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்கிறது. அதாவது அந்தப் போன் கெட்டுப்போகவில்லை. கேபிளின் தடையை அளந்து அதற்கேற்ப நடந்துகொண்டிருந்தது. நாங்கள் மல்டிமீட்டரில் பார்க்காததை அது ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் இது அப்படியே வரும். யூஎஸ்பி கேபிளுக்குள் 28 கேஜ் செம்புக் கம்பி இருந்தால் (கேஜ் எண் கூடக் கூட கம்பி மெலிதாகும்) அதன் தடை மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். கேபிள் இரண்டு மீட்டர் நீளம் என்றால் கரண்ட் போகும் வழி இரண்டு மீட்டர், திரும்பும் வழி இரண்டு மீட்டர், ஆக நான்கு மீட்டர். நிறையப் பேர் இந்தத் திரும்பும் வழியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மொத்தம் 0.85 ஓம். போன் 4.5 வோல்ட்டுக்குக் கீழே போகமாட்டேன் என்றால் கேபிளில் இழக்க முடிவது 0.6 வோல்ட், அதை 0.85 ஆல் வகுத்தால் 0.7 ஆம்பியர். போனுக்குக் கிடைப்பது மூன்று வாட்டுக்குச் சற்று மேல். அதே நீளத்துக்கு 20 கேஜ் கம்பி போட்டால் தடை மொத்தமே 0.13 ஓம், இரண்டு ஆம்பியர் ஓடினாலும் கால் வோல்ட்தான் விழும், ஒன்பதரை வாட் போய்ச் சேரும். சார்ஜர் அதே, போன் அதே, வேகம் மூன்று மடங்கு. இதோடு பிளக்கின் தொடுமுனைகளில் படியும் அழுக்கு, தளர்ந்துபோன சாக்கெட், செம்புக்குப் பதில் அலுமினியத்தின்மேல் செம்பு முலாம் பூசிய கம்பி என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குத் தடையைக் கூட்டும். சார்ஜரில் அச்சிட்டிருக்கும் வாட் எண் ஒரு உச்சவரம்பு, அவ்வளவுதான். அது ஓடுகிற அளவு அல்ல.

எதுவரை, எவ்வளவு நேரத்தில்

கேபிளோடு கதை முடிந்துவிட்டால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. மின்சாரத்தை விளக்க எல்லோரும் தொட்டித் தண்ணீரைத்தான் எடுப்பார்கள்: உயரம்தான் வோல்டேஜ், குழாயின் குறுகல்தான் தடை. பல்புக்கு அது போதும். பேட்டரிக்குப் போதாது, ஏனென்றால் பேட்டரி காலித் தரை அல்ல, அதுவும் ஒரு தொட்டி, அதிலும் ஏற்கெனவே தண்ணீர் நிற்கிறது. நீரை ஓட வைப்பது மேல் தொட்டியின் உயரம் அல்ல, இரண்டின் மட்டங்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசம். 12.2 வோல்ட்டில் கிடக்கும் லெட்-ஆசிட் பேட்டரிக்கு (காரில் இருக்கும் வகை) 14.4 வோல்ட்டைக் கொடுத்தால், உள்ளே தள்ளுவது 14.4 அல்ல, வெறும் 2.2 வோல்ட். இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் கம்பியில் விழும் அரை வோல்ட் வேறு மாதிரித் தெரியும். 14.4-இல் அரை என்பது நூற்றுக்கு மூன்றரை, கண்டுகொள்ள வேண்டியதில்லை என்று தோன்றும். 2.2-இல் அரை என்பது கிட்டத்தட்ட கால்வாசி. பேட்டரி ஏற ஏற அதன் மட்டம் உயர்ந்து, தள்ளும் வித்தியாசம் இன்னும் சுருங்கும். கடைசி இருபது சதவீதம் இழுத்தடிப்பதற்குக் காரணம் இந்தச் சுருக்கம்தான், யாரும் வேண்டுமென்று தாமதப்படுத்துவதில்லை.

இங்கேதான் வோல்டேஜும் தடையும் செய்கிற வேலைகள் பிரிகின்றன. தடை அதிகமாக இருந்தால் சார்ஜ் மெதுவாக ஏறும், ஆனால் ஏறி முடிந்துவிடும். கரண்ட் குறையக் குறையக் கம்பியில் விழும் வோல்டேஜும் குறைந்துகொண்டே வருவதால், கடைசியில் பேட்டரி பார்ப்பது சார்ஜரின் முழு வோல்டேஜைத்தான். வோல்டேஜே குறைவாக வைக்கப்பட்டிருந்தால் கதை வேறு. அந்த 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியை 13.2 வோல்ட்டில் கட்டிப்போட்டு எவ்வளவு காலம் விட்டாலும் அது ஒழுங்காக நிறையாது. நிறையாமலே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிகங்கள் இறுகிப்போகும். போன் பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் செல்லிலும் இப்படித்தான். வழக்கமான செல் 4.2 வோல்ட்டில் நிறையும். 4.1-இல் நிறுத்தினால் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு போல விட்டுக்கொடுக்க வேண்டும், பதிலுக்குச் செல் கூடுதல் நாள் உழைக்கும். 4.2-ஐத் தாண்டினால் ஆயுளும் பாதுகாப்பும் சேர்ந்து அடிபடும், அதனால்தான் அந்த எல்லையை வோல்ட்டில் நூற்றில் சில பங்குகளுக்குள் பிடித்து நிறுத்துகிறார்கள். வோல்டேஜ் எதுவரை போகலாம் என்பதைத் தீர்மானிக்கிறது, தடை எவ்வளவு நேரத்தில் போகலாம் என்பதை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, மெதுவாக ஏறுகிறதே என்று வோல்டேஜைக் கூட்டி வைக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பதறும். கேபிளின் குற்றத்துக்கு பேட்டரிக்குத் தண்டனை கொடுக்கிறார்கள். தடித்த கம்பி போட்டால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் அது.

பேட்டரிக்குள் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் நல்ல சார்ஜ் கன்ட்ரோலர்கள் சிலவற்றில் பேட்டரி முனைவரை தனியாக இரண்டு மெல்லிய கம்பிகள் போகும். கரண்ட் கொண்டுபோக அல்ல, வோல்டேஜைப் பார்த்து வர மட்டும். அவற்றில் கரண்ட் ஓடாததால் எதுவும் விழாது, எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் பேட்டரியின் உண்மையான முனை வோல்டேஜை அப்படியே கொண்டுவந்து கொடுக்கும். நண்பரை ஏமாற்றிய அதே குணத்தை இங்கே தெரிந்தே பயன்படுத்திக்கொள்கிறார்கள். இதை முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஓம் எழுதிய கூட்டல்

இதைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்ட பழைய கதை ஒன்று. ஓம் விதிக்குப் பெயர் தந்த ஜெர்மன் இயற்பியலாளர் கியோர்க் ஓம் 1820-களில் தன் பரிசோதனைகளைத் தொடங்கியது வோல்டா வகை மின்கலங்களோடுதான். அளக்க அளக்க எண்கள் நழுவிக்கொண்டே இருந்தன, ஏனென்றால் சுமை கொடுத்ததும் அந்த மின்கலங்களின் வோல்டேஜ் நிலையாக நிற்காது. போகன்டார்ஃப் என்ற இயற்பியலாளர் சொன்ன யோசனையின்படி மின்கலத்தைத் தள்ளிவைத்துவிட்டு, பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப இணையை எடுத்துக்கொண்டார், இரு சந்திப்புகளின் வெப்பநிலை வித்தியாசத்தால் வோல்டேஜ் தருவது அது. ஒரு சந்திப்பு கொதிநீரில், மற்றொன்று உருகும் பனிக்கட்டியில். வெப்பநிலை வித்தியாசம் மாறாததால் வோல்டேஜும் மாறவில்லை, விதி கிடைத்தது. 1826-இல் அவர் வெளியிட்ட சமன்பாடு நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த வடிவத்தில் இல்லை. தள்ளும் விசையை வகுக்கும் இடத்தில் அவர் ஒற்றைத் தடையை எழுதவில்லை, இரண்டைக் கூட்டி எழுதினார்: ஒன்று தான் சோதிக்கும் கம்பியின் நீளத்தைக் குறிப்பது, மற்றொன்று சுற்றின் மிச்சப் பகுதி முழுவதற்குமானது, மூலத்தின் சொந்தத் தடையும் அதில்தான் அடங்கும்.

அந்த இரண்டாவது பகுதியைத்தான் நாம் பாடத்தில் அகமின்தடை என்று படித்தோம், ஒரு கணக்கு போட்டுவிட்டு மறந்தும் போனோம். கணக்கை எளிதாக்க மின்கலத்தை, சொந்தத் தடையே இல்லாத இலட்சிய மின்கலம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். சார்ஜிங் என்ற விஷயத்துக்குள் வந்துவிட்டால் அந்த வசதி நமக்கு இல்லை. இங்கே முழு நாடகமும் அந்த இரண்டாவது பகுதியில்தான் நடக்கிறது.

பழைய பேட்டரி ஏன் சீக்கிரம் 'நிறைகிறது'

அகமின்தடை சார்ஜ் ஏறும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது எதிர்ப்பக்கமும் வோல்டேஜைத் தள்ளும். ஏறும்போது முனையில் தெரிவது செல்லின் சொந்த வோல்டேஜோடு கரண்ட் பெருக்கல் தடை கூடிய எண். இறங்கும்போது அதே பெருக்கல் கழிந்துவிடும். புதிய செல்லில் இந்தத் தடை 0.08 ஓம் என்று வையுங்கள், இரண்டு ஆம்பியர் கொடுத்தால் 0.16 வோல்ட். முனை 4.2-ஐத் தொடும்போது செல்லின் சொந்த வோல்டேஜ் 4.04, முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்கும். அதன்பின் சார்ஜர் வோல்டேஜை 4.2-இல் பிடித்துக்கொண்டு கரண்டைக் குறைத்துக்கொண்டே வரும். வயதான செல்லில் தடை 0.2 ஓம் ஆகிவிட்டது என்றால் அதே இரண்டு ஆம்பியருக்கு 0.4 வோல்ட். முனை 4.2 காட்டும்போது உள்ளே இருப்பது 3.8தான், பாதியை ஒட்டிய நிலை. சார்ஜர் பாதியிலேயே வேகத்தைக் குறைக்க ஆரம்பித்துவிடும். சார்ஜ் சதவீதத்தை முனை வோல்டேஜிலிருந்து மட்டும் ஊகிக்கிற மலிவான கருவியாக இருந்தால் சதவீதம் விறுவிறுவென்று ஏறும், சார்ஜரைப் பிடுங்கியதும் சரசரவென்று இறங்கும். 'சீக்கிரம் நிறையுது, சீக்கிரம் தீருது' என்று எல்லோரும் சொல்லும் அந்தப் புகாரின் இரண்டு பாதிகளும் ஒரே தடையின் இரண்டு முகங்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அகமின்தடை என்பது செல்லுக்குள் புதைத்துவைத்த ஒரு ரெசிஸ்டர் அல்ல. உலோகத் தகடுகளின் தடை, எலக்ட்ரோலைட்டில் (செல்லுக்குள் அயனிகளைக் கடத்தும் பொருள்) அயனிகள் நகரும் தடை, மின்முனையின் மேற்பரப்பில் வினை நடக்க எடுக்கும் இழுபறி, உள்ளே அயனிகள் பரவுவதற்கான தாமதம் எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஆகவே ஒரு நொடியில் அளந்தால் ஒரு எண், ஒரு நிமிடம் கழித்து அளந்தால் இன்னொன்று. குளிரில் இது பல மடங்கு கூடும். லித்தியம் செல்லைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது என்பதும் இதையொட்டித்தான்: அயனிகள் எதிர்முனையான கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் மேற்பரப்பிலேயே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும், அதைத் திரும்பப் பெறுவது கடினம்.

2017-இல் ஆப்பிள் விவகாரம் வெடித்ததே இந்தத் தடையால்தான். பழைய பேட்டரி உள்ள ஐபோன்கள் சார்ஜ் மிச்சமிருக்கும்போதே திடீரென்று அணைந்துபோயின. பிராசசர் ஒரு கணம் அதிக கரண்டை இழுத்ததும் முனை வோல்டேஜ் தாங்காமல் சரிந்துவிடும். அந்த உச்சத்தைத் தவிர்க்க மென்பொருள் வழியாக வேகத்தைக் குறைத்தார்கள், அதை வெளிப்படையாகச் சொன்னது அந்த ஆண்டு டிசம்பரில். மறைத்தது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அடியில் இருந்த காரணம் கற்பனை இல்லை, அது நேரடியான பௌதிகம். கார் பேட்டரியிலும் இதே காட்சிதான். நிறுத்தி வைத்திருக்கும்போது 12.6 வோல்ட் கம்பீரமாக நிற்கும், சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தத்தோடு சரி. ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கிறது என்றால், நல்ல பேட்டரியின் 0.005 ஓமில் ஒரு வோல்ட்தான் விழும். தடை 0.03 ஓம் ஆகிவிட்டால் ஆறு வோல்ட் போய்விடும், மோட்டார் எப்படிச் சுற்றும்? பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி 0.01 ஓம் சேர்த்தாலே இரண்டு வோல்ட் காலி. அதே பொடி, ஐந்து ஆம்பியரில் சார்ஜ் ஏறும்போது வெறும் 0.05 வோல்ட் இழப்பாக, கண்ணுக்கே படாமல் இருக்கும்.

அளந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: மல்டிமீட்டரின் ஓம் நிலையை பேட்டரியில் வைக்கவே கூடாது, அது வோல்டேஜ் இல்லாத பொருளை அளப்பதற்கானது. ஒரு சிறிய சுமையில் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள், கூடுதல் சுமையில் மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். வோல்டேஜ் எவ்வளவு குறைந்ததோ அதை, கரண்ட் எவ்வளவு கூடியதோ அதனால் வகுத்தால் போதும். 4.02 என்பது 3.87 ஆனது, கரண்ட் ஒரு ஆம்பியர் கூடியது என்றால் தடை 0.15 ஓம். ஒற்றை வோல்டேஜ் எண்ணிலிருந்து இதைப் பிடிக்கவே முடியாது, எப்போதும் இரண்டு எண் வேண்டும்.

கரண்டைக் குறைத்து, வோல்டேஜைக் கூட்டி

கம்பியை எவ்வளவுதான் தடிமனாக்குவது? ஓர் எல்லைக்கு மேல் கேபிள் கயிறாகிவிடும். அதற்குக் கண்டுபிடித்த வழி, அதே வாட்டை அதிக வோல்டேஜில், குறைந்த கரண்டில் அனுப்புவது. இழப்பு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் இதில் கிடைக்கும் லாபம் பெரியது. 60 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்ப 12 ஆம்பியர் வேண்டும், 20 வோல்ட்டில் 3 போதும், கேபிளில் வீணாவது பதினாறில் ஒரு பங்காகிவிடும். யூஎஸ்பி பவர் டெலிவரி என்ற சார்ஜிங் விதிமுறை இதைத்தான் செய்கிறது, 2021-இல் வந்த பதிப்பு 48 வோல்ட்வரை போய் 240 வாட்டைத் தொட்டது. போனும் சார்ஜரும் முதலில் பேசிக்கொண்டு வோல்டேஜை உயர்த்துகின்றன, போனுக்குள் மறுபடி அதைச் செல்லுக்கு ஏற்ற அளவுக்கு இறக்கிக்கொள்கிறார்கள். செல்லுக்கு அந்த 20 வோல்ட் தெரியவே தெரியாது. அதிக வோல்டேஜ் சார்ஜர் பேட்டரியைக் கருக்கிவிடும் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மின்சாரக் காரிலும் இதே கணக்கு: 350 கிலோவாட்டை 400 வோல்ட்டில் ஏற்ற 875 ஆம்பியர், 800 வோல்ட்டில் அதில் பாதி, கேபிளில் சூடு கால்வாசி. 2019-இல் போர்ஷே டைகான் என்ற மின்சாரக் கார் 800 வோல்ட்டோடு வந்தது இதனால்தான்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு, அதிகம் பேர் பேசுவதில்லை. வோல்டேஜ் கூடியதும் மோசமான கேபிள் ஒளிந்துகொள்கிறது. அந்த 0.85 ஓம் கேபிளிலேயே 9 வோல்ட்டில் இரண்டு ஆம்பியர் போனால் 1.7 வோல்ட் விழும், மிச்சம் 7.3 வோல்ட், போன் ஒழுங்காகச் சார்ஜ் ஆகும். ஆனால் மூன்றரை வாட்டை ஒட்டி கேபிளிலேயே சூடாகப் போய்க்கொண்டிருக்கும், அதுவும் நீளம் முழுக்கச் சீராகப் பரவினால் பரவாயில்லை, ஒரு தளர்ந்த தொடுமுனையில் குவிந்தால் பிளாஸ்டிக் இளகும். டைப்-சி விதிமுறை போகும் வழியில் 0.5 வோல்ட், திரும்பும் வழியில் 0.25 வோல்ட் என்று இழப்புக்கு எல்லை போட்டிருப்பது சும்மா இல்லை.

மின்தடையை வெறும் வில்லனாகவும் பார்த்துவிடக்கூடாது. 0.4 வோல்ட் வித்தியாசத்தில் இருக்கும் இரண்டு லித்தியம் செல்களை நேரடியாக இணைத்தால் இடையில் ஓடும் கரண்டைத் தடுப்பது அவற்றின் தடை மட்டும்தான். இரண்டுக்கும் சேர்த்து 0.04 ஓம் என்றால் 10 ஆம்பியர் பாயும். பழைய லெட்-ஆசிட் சார்ஜர்கள் பலவற்றில் மின்மாற்றிச் சுருளின் தடையும் கரண்டை அடக்கிவைத்தது, தனியாகக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. இன்றைய சார்ஜர்களிலும் எவ்வளவு கரண்ட் போகிறது என்று தெரிந்துகொள்ள, சில மில்லி ஓம் தடையை வேண்டுமென்றே வழியில் வைத்து, அதில் விழும் வோல்டேஜைத்தான் பார்க்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு எனக்கு ஒரு குறை மிச்சமிருக்கிறது. போன்கள் இப்போது 'பேட்டரி ஆரோக்கியம்' என்று ஒரு சதவீதத்தைக் காட்டுகின்றன. அது பெரும்பாலும் கொள்ளளவைப் பற்றியது, எவ்வளவு கொள்ளும் என்பதை மட்டும் சொல்கிறது. 85 சதவீதம் கொள்ளளவு மிஞ்சிய இரண்டு பேட்டரிகளில் ஒன்று சாதாரணமாக ஓடும், இன்னொன்று குளிரில் கேமராவைத் திறந்ததும் அணைந்துபோகும், காரணம் தடை. வோல்டேஜும் கரண்டும் மாறிக்கொண்டே இருப்பதைப் போன் எந்நேரமும் அளந்துகொண்டுதான் இருக்கிறது, தடையைக் கணக்கிட வேண்டிய எல்லாமே அதன் கையில் இருக்கிறது. அந்தச் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே மில்லி ஓமில் இன்னொரு எண், செருகியிருக்கும் கேபிளுக்கும் ஒரு எண் காட்ட என்ன தடை? இத்தனை தெரிந்துவைத்திருக்கும் கருவி, பணம் கொடுத்து வாங்கியவருக்கு அதைச் சொல்லத்தான் வேண்டும்.